கவினின் எத்துப்பல்லும் ஹெட்கியரும்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் மருத்துவரின் குறிப்பையும் நிதானமாகப் பார்த்தேன். கவினுக்கு மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 8 மில்லிமீட்டர் முன்னே நிற்கின்றன. கீழ்த்தாடையும் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. 9 வயதில் ஹெட்கியர் போட்டால் பலன் நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். நான் பல் சீரமைப்புப் பணியில் இருந்தவரை பெற்றோர் பெரும்பாலும் எத்தனை மாதம் போட வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நிலைக்குமா என்று கேட்டவர்கள் குறைவு.

மேல் கடைவாய்ப்பற்களில் மாட்டும் கம்பியைக் கழுத்துப் பட்டையோடு இணைத்து, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் விசையில், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் பின்னோக்கி இழுப்பதே இந்தச் சிகிச்சை. 1940களில் அமெரிக்காவில் சைலஸ் க்ளோன் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். மேல்தாடையின் முன்னோக்கிய வளர்ச்சி மட்டுப்படும்போது, கீழ்த்தாடை தன் இயல்பில் வளர்ந்து அதை எட்டிப் பிடிக்கிறது. ஆகவே பலனில் பாதி பையனின் சொந்த வளர்ச்சி தருவது. அது எப்படி அமையும் என்று எந்த மருத்துவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

டென்மார்க்கில் பிர்டே மெல்சன், தாடையெலும்பில் பதித்த சிறு உலோகத் துண்டுகளை அடையாளமாக வைத்து அளந்து, 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கழுத்துப் பட்டை இழுத்தவரை மாறியிருந்த மேல்தாடையின் வளர்ச்சித் திசை, பட்டையைக் கழற்றியபின் மறுபடியும் முன்னோக்கித் திரும்பியதை அவர் காட்டினார். சிகிச்சை முடிந்த அன்று எடுக்கும் புகைப்படத்தை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் நீ குடியிருக்கும் ராலேக்குப் பக்கத்தில் உள்ள சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு உனக்கு இன்னும் பயன்படும். முன்பற்கள் 7 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திய பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு ஹெட்கியரும், சிலருக்குத் தாடையை முன்னிறுத்தும் வாய்க்கருவியும் கொடுத்து, மற்றவர்களைச் சிகிச்சையின்றிக் கவனித்தார்கள். முதல் கட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆனால் பின்னர் எல்லோருக்கும் கிளிப் போட்டு முடித்தபோது, சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் தாடை அமைப்பிலோ கடிப்பிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

எனவே 9 வயதிலேயே தொடங்க வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. துருத்திய முன்பல் விழுந்தால் எளிதில் உடையும். கவின் கால்பந்தில் புரண்டு விளையாடுபவன் என்பதால் அந்த ஒரு காரணத்துக்காக மருத்துவர் இப்போதே வற்புறுத்தினால் நான் மறுக்க மாட்டேன். இல்லையென்றால் மீசை அரும்பும் பருவத்து வளர்ச்சி வேகம் தொடங்கும்வரை பொறுத்து, ஒரே தவணையில் முடிப்பதே என் விருப்பம். இரண்டு தவணை என்றால் பிள்ளையின் பொறுமைதான் முதலில் தீர்கிறது. (உன் தம்பி தூங்கும்போது பட்டையைக் கழற்றித் தலையணைக்கடியில் ஒளித்தது நினைவிருக்கிறதல்லவா?)

எப்போது போட்டாலும், கிளிப்பைக் கழற்றியதும் கதை முடிவதில்லை. ஆண்பிள்ளைக்குக் கீழ்த்தாடை 18 வயதை ஒட்டியும் சிறிது வளர்கிறது. கீழ் முன்பற்கள் நெருங்குவதோ, ஹெட்கியர் போட்டவர் போடாதவர் என்று பார்க்காமல், வயதோடு நடந்துகொண்டே இருக்கிறது. பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரீட்டெய்னரை எத்தனை ஆண்டுகள் அணிய வேண்டும், வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கொருமுறை பார்ப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடு. அந்தச் செலவையும் மாப்பிள்ளை கணக்கில் சேர்க்கட்டும்.

ஹெட்கியர்தான் என்று முடிவானால், இழுத்தால் தானே விடுபடும் பாதுகாப்புப் பட்டையா என்று கையில் வாங்கி இழுத்துப் பார். பட்டையைக் கழற்றாமல் கம்பியை வாயிலிருந்து இழுத்தால் அது தெறித்து முகத்தில் அடிக்கும். கண்ணில் குத்திய சம்பவங்களும் உண்டு. முதலில் பட்டை, பிறகு கம்பி என்று கவினைத் தன் கையாலேயே செய்யப் பழக்கு; அதை மாட்டிக்கொண்டு விளையாட விடாதே. அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும் பழையதோடு சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா