19 மணி நேரம்: எங்கள் கட்டடத்துக்காக ஒரு நன்றி மடல்

எங்கள் கட்டடத்தின் 24 வீட்டாருக்கும், தெருவாருக்கும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் வணக்கம்.

சங்கச் செயலாளராக நான் இதுவரை எழுதியதெல்லாம் பராமரிப்புக் கட்டண நினைவூட்டலும், பார்க்கிங் தகராறுக்கான சுற்றறிக்கையும்தான். நன்றி மடல் எழுதுவது இதுதான் முதல் தடவை. யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், அடுத்த நோட்டீஸில் சேர்த்துவிடுகிறேன்.

போன மே மாதம் ஆலங்கட்டி மழை அடித்த ராத்திரி, எட்டு மணி இருக்கும், தெருமுனை மே ஃப்ளவர் மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கரன்ட் வந்தது மறுநாள் மதியம் மூன்று மணிக்கு. அந்த 19 மணி நேரமும் நம் மாடிப்படியில் விளக்கு எரிந்தது, வீட்டுக்கு வீடு ஃபேன் சுற்றியது. அதற்காகத்தான் இந்த மடல். ஆனால் கதையை 2022-ல் ஆரம்பித்தால்தான் நன்றி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும்.

பெங்களூரில் அந்த செப்டம்பர் 4-ம் தேதி இரவு இருந்தவர்கள் யாரும் அந்த மழையை மறந்திருக்க மாட்டார்கள். மாரத்தஹள்ளிக்குப் பின்னால் இருக்கிற நம் தெருவில் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) பொங்கி, விடிவதற்குள் பேஸ்மென்ட் நிறைந்துவிட்டது. நம் ஜெனரேட்டரும் பேஸ்மென்டில்தான் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்த புத்திசாலி யார் என்று இன்றுவரை எந்த மினிட்ஸ் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அதே மழையில், பெங்களூருக்குக் காவிரித் தண்ணீரை ஏற்றி அனுப்புகிற டி.கே. ஹள்ளி பம்பிங் ஸ்டேஷனுக்குள்ளும் வெள்ளம் புகுந்து, காவிரித் தண்ணீரும் நின்றுபோனது. வாசலில் இடுப்பளவு தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. என் மாமியாரின் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் நின்று, கையிருப்பில் இருந்த ஒரே சிலிண்டரும் தீர்கிற நேரத்தில் டிராக்டரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனவருக்கு முதல் நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

மறு வருஷம் மாடியில் 10 கிலோவாட்டுக்கு சோலார் போட்டோம். விற்க வந்தவர், "இனிமே உங்களுக்குப் பவர்கட்டே தெரியாது மேடம்" என்றார். நானும் அதை அப்படியே பொதுக்குழுவில் ஒப்பித்தேன். முதல் பவர்கட் பட்டப்பகலில் வந்தது. மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில், கீழே நாங்கள் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறோம். கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

விளக்கம் சொன்னவர் தங்கவயல் பெரியப்பா. இரண்டாம் மாடியில் மகள் வீட்டில் இருக்கிறார், உங்களுக்கெல்லாம் தெரியும். கோலார் தங்கவயலில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்து, 2001-ல் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தவர். "அது ரிப்பேர் இல்லம்மா, அது அப்படித்தான் இருக்கணும்" என்றார். பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்ந்தே ஓடுகிற சோலார் இன்வெர்ட்டர் இது, லைனில் கரன்ட் போனதும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் மாடியிலிருந்து கரன்ட் தெருக்கம்பிக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் செத்துப்போவார். வெயில் இருக்கும்போதே வெளிச்சம் வேண்டுமென்றால், முதலில் தெரு லைனிலிருந்து நம்மை முழுசாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச், பேட்டரி, லைனோடும் பேட்டரியோடும் ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர். துண்டித்துக்கொண்டு தனித் தீவாக ஓடி, கரன்ட் வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்வதற்குப் பெயர்தான் மைக்ரோகிரிட். அதையே போடுவது என்று முடிவெடுத்தோம்.

பெரியப்பாவிடம் மின்சாரம் பற்றிக் கேட்டால் பேச்சு 1902-க்குப் போய்விடும். சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூர் தெருவிளக்குக்கு வந்தது 1905-ல்தான். "உங்க ஊருக்கு நாங்க மூணு வருஷம் சீனியர்" என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் சுரங்கத்துக்கடியில் ஆள் இருக்கும்போது கரன்ட் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் அவர். எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் இறக்கும் குழி) தோண்டிய மூன்று நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரியும் உப்பும் அளவாகப் போட்டார்களா, செம்புத் தகடு சரியான ஆழத்தில் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார். பெரியப்பா, உங்களுக்கு நன்றி சொன்னால் "வேற வேலை இல்லையா" என்பீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

பணம் பற்றி ஒரு வரி: வீட்டுக்கு 40,000 ரூபாய், மீதி சங்கத்தின் சேமிப்பான கார்ப்பஸ் நிதி. கூடுதலாகப் போட்ட 10 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். பேட்டரிக்கு மானியம் கிடையாது. 40 யூனிட் பிடிக்கிற அந்த லித்தியம் பேட்டரியை இந்த முறை முதல் மாடியில், சங்க அலுவலகத்திலேயே வைத்தோம். ஆகவே செயலாளருக்கு இப்போது ஆபீஸ் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டூல்.

உண்மையான சண்டை பேனலிலோ பேட்டரியிலோ இல்லை, 2 ஆம்பியரில் இருந்தது. பழைய ஜெனரேட்டர் லைன் எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே இருந்ததால் அதையே பயன்படுத்தினோம். ஒவ்வொரு வீட்டு லைனிலும் 2 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் இழுத்தால் தானாக விழுகிற சுவிட்ச். ஃபேன், இரண்டு விளக்கு, வைஃபை, போன் சார்ஜர், அவ்வளவுதான் தாங்கும். ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் எதைப் போட்டாலும் விழுந்துவிடும். "நாப்பதாயிரம் குடுத்துட்டு ஃபேனுக்கு மட்டும்தானா?" என்று ஐந்தாம் மாடியில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொன்னவர் அவர் மனைவி: "ஏ.சி. உங்களுக்கு, ஆக்ஸிஜன் கீழ் வீட்டம்மாவுக்கு. எது வேணும்னு கை தூக்குங்க." அக்கா, அன்றைக்கு நான் எழுந்து வந்து உங்கள் கையைப் பிடிக்கவில்லை, தலைவர் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது பிடித்துக்கொள்கிறேன்.

திட்டத்தையே எதிர்த்து ஓட்டுப் போட்ட 103 சாருக்கும் நன்றி. பீகாரில் தர்னாய் கிராமத்துக்கு 2014-ல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் வந்ததையும், சில வருஷத்தில் பேட்டரிகள் செத்து, ஊர் வழக்கமான லைனுக்கே திரும்பியதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். "பத்து வருஷம் கழிச்சு பேட்டரிக்கு யார் காசு குடுப்பா?" அந்த ஒரு கேள்வியால்தான் மாதம் வீட்டுக்கு 200 ரூபாய் தனிக் கணக்கில் சேர்கிறது. கணக்குப் பார்ப்பவரும் அவரே. எதிர்த்தவரிடம் சாவியைக் கொடுத்தது இந்தச் சங்கம் செய்த ஒரே ராஜதந்திரம்.

இனி அந்த ராத்திரி. மரம் விழுந்த சத்தம், இருட்டு, பால்கனிகளிலிருந்து "ஐயோ". மூச்சு விடுவதற்குள் ஃபேன் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரி அறைத் திரையில் 86 சதவீதம். பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மணிக்கொரு தரம் ஓடிவந்து பார்த்து மாடி மாடியாகக் கத்தினார்கள். பத்து மணிக்கு 76. இரண்டு மணிக்கு 56, அப்போது திரைக்கு முன்னால் நானும் வாட்ச்மேன் அண்ணாவும் மட்டும். 50-க்குக் கீழே போனால் லிஃப்டை நிறுத்துவது என்று விதி. மூன்றரைக்கு நிறுத்தினோம். காலையில் ஐந்து மாடிக்கும் பால் சுமந்து ஏறிய கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்கும், தம்பிகளா, நன்றி. என் மாமியார் மட்டும் விடிய விடியப் புலம்பினார்: "மூச்சு மெஷின் ஓடுது, டிவி ஏன் ஓடல?"

கேட்டுக்கு வெளியே 12 பிளக் பாயின்ட் வைத்த பலகை 204-ல் இருக்கும் பொண்ணின் யோசனை. போர்ட்டோ ரிக்கோவில் 2017-ல் மரியா புயல் அடித்துத் தீவே இருண்டபோது, அத்ஹூந்தாஸ் என்ற மலையூரில் காசா புவேப்லோ என்ற சமூக மையம் தன் சோலாரால் விளக்கெரிய நின்றதையும், ஊரார் மருத்துவக் கருவிகளோடு அங்கே வந்ததையும் அவள்தான் சொன்னாள். பக்கத்துத் தகரக் கொட்டகைகளில் இருக்கிற கட்டட வேலைக்காரர்கள் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கும் கம்பி இழுக்க ஆசைப்பட்டோம். உரிமம் இல்லாமல் மின்சாரம் விநியோகிக்க 2003 மின்சாரச் சட்டம் கிராமப்புறத்துக்குத்தான் விலக்குத் தருகிறது, நகரத்தில் முடியாது. ஆகவே பலகை மட்டும். அன்றிரவு அதில் போன்களோடு ஒரு நெபுலைசரும் சொருகியிருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கேட்டருகே, நம் வாட்ச்மேன் அண்ணாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மரத்தை வெட்டி லைன் சரிசெய்ய வந்த பெஸ்காம் (பெங்களூர் மின்விநியோக நிறுவனம்) லைன்மேன் மூவருக்கும் தனியாக நன்றி. மூத்தவர் கம்பத்தில் ஏறுமுன் உள்ளே வந்து, "சோலார் ஆஃப் மாடிதீரா?" (ஆஃப் பண்ணிட்டீங்களா?) என்று கன்னடத்தில் கேட்டார். தானாகவே துண்டித்திருக்கிறது என்று காட்டினோம். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. டெஸ்டரை வைத்துத் தானே பார்த்துவிட்டுத்தான் ஏறினார். பெரியப்பா என் காதருகே, "தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார்.

தெருமுனை மாவுக்கடை அக்காவுக்குக் கடைசி நன்றி. ஃபிரிட்ஜ் நின்று மாவு பொங்கிவிடும் என்று பதறி வந்தவரிடம், இன்சுலினுக்காகக் கீழே வைத்திருக்கிற பொது ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டோம். மறுநாள் காலை கட்டடத்துக்கே இட்லி வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார்.

அக்காவின் எவர்சில்வர் தூக்கு இரண்டு இன்னும் அந்த ஃபிரிட்ஜில் இருக்கின்றன. ஒன்றின் மூடியைக் காணோம். எடுத்துவைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாடிப்படிக்கு அடியில் என் ஸ்டூல் மேல் வைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்