வண்டி நிறுத்துமிடத்துக்கு யார் பெயர்?

அன்புள்ள கண்ணம்மா,

உங்கள் நிகழ்ச்சிக்குத் தன்னார்வக் குழுவில் வேலை பிரிப்பதைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அதே யோசனையாக இருக்கிறேன். சிறப்பு விருந்தினரை அழைத்து வரும் வேலை தனக்குத்தான் வேண்டும் என்று இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள், வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒருவரும் கை தூக்கவில்லை என்றாய். "எப்படிப்பா பிரிக்கிறது?" என்று கேட்டாய். "சமமாகப் பிரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

உன் வயதில் நானும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவன். வருடத்துக்கு ஒரு தடவை 3 நாள் நிகழ்ச்சி. எங்களோடு ஒருவர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். முதல் வருடம் அவரை வண்டி நிறுத்துமிடத்தில் போட்டேன். சரி என்றார். வேலையையும் ஒரு குறை இல்லாமல் செய்தார். அடுத்த வருடம் பட்டியல் எழுதும்போது, "அது அவருக்குப் பழகிய வேலை" என்று யோசிக்காமலே அங்கே அவர் பெயரை எழுதினேன். மூன்றாம் வருடமும் அப்படியே. அந்த மூன்று வருடத்தில் உள்ளே நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட அவர் முழுதாகப் பார்க்கவில்லை. நான்காம் வருடம் அவர் வரவில்லை. காரணம் சொல்லவில்லை, எனக்கும் கேட்க முகமில்லை. வேண்டுமென்று நான் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தேன், கேட்காதவருக்கு மிச்சத்தைக் கொடுத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

அதனால் ஒரு நோட்டு போடு. யார், எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுது. அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வை. வேலை பிரிக்கும்போது நம் ஞாபகத்தை நம்பவே கூடாது. சண்டை போட்டவர் முகம் ஞாபகம் இருக்கும், பேசாமல் நின்றவர் முகம் மறந்துபோகும். ஒருவர் போன தடவை வெயிலில் 6 மணி நேரம் நின்றார் என்று நோட்டில் இருந்தால், இந்தத் தடவை அவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். அவர் கேட்காவிட்டாலும் நீயே கூப்பிட்டுக் கேள்.

எது நல்ல வேலை, எது கஷ்டமான வேலை என்பதை நீயாகத் தீர்மானிக்காதே. எல்லா வேலையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிடித்தது இரண்டு, முடியவே முடியாதது ஒன்று என்று தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல். கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. முழங்கால் வலிக்காரர், மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாம் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். அப்படிக் கேட்டுப் பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும். வரவேற்பில் நின்று சிரித்துப் பேசுவதை நினைத்தாலே சிலருக்கு நடுக்கம், அவர்களுக்குச் சாமான் அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதுதான் நிம்மதி. பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

மீதி இருப்பதுதான் உண்மையான சிக்கல்: எல்லோரும் கேட்பது, எல்லோரும் ஒதுக்குவது. ஒதுக்குகிற வேலையை முதலில் சின்னதாக்கு. ஒருவர் 6 மணி நேரம் நிற்பதைவிட மூன்று பேர் இரண்டிரண்டு மணி நேரம் நிற்பது மேல். கேட்கிற வேலைக்கு வரிசை வை. 12 பேர் என்றால் முதல் சுற்றில் 1-லிருந்து 12 வரை தேர்ந்தெடுக்கட்டும், அடுத்த சுற்றில் 12-லிருந்து 1 வரை திரும்பி வரட்டும். முதலில் எடுத்தவர் பிறகு கடைசியாக எடுப்பார், யாருக்கும் மனக்குறை இருக்காது.

அந்த வரிசைக்குச் சீட்டுக் குலுக்கலாம், எல்லோர் கண் முன்னாலும். ஆனால் சீட்டுக்குப் போன தடவை நடந்தது தெரியாது, ஒரே ஆள் தலையில் இரண்டு தடவையும் விழும். உத்திரமேரூர்க் கல்வெட்டு உனக்கு நினைவிருக்கும், பத்தாம் நூற்றாண்டு, சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலம். குடத்தில் ஓலை போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி, வாரியங்கள் என்ற ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தார்கள் என்று எல்லோரும் சொல்வோம். அதிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது: முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. நிலமும் வீடும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்திருந்தது என்பது பெரிய குறைதான். ஆனால் குலுக்கல் மட்டும் போதாது, போன தடவைக் கணக்கும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீயும் போன தடவை விருந்தினரோடு போனவர் பெயரை இந்தத் தடவை சீட்டில் எழுதாதே.

முதலுதவி போன்ற வேலைக்கு இதெல்லாம் பொருந்தாது, பயிற்சி எடுத்தவர்தான் நிற்க வேண்டும். ஆனால் "இது அவருக்குத்தான் தெரியும்" என்ற பேச்சு எங்கே வந்தாலும் கொஞ்சம் நின்று பார். மேடையில் மைக் பிடிப்பவர் ஒவ்வொரு வருடமும் அவரே என்றால், மற்றவர்கள் எப்போது கற்றுக்கொள்வார்கள்? பக்கத்தில் ஒரு புது ஆளை நிறுத்து, அடுத்த தடவை அவர் பிடிக்கட்டும். பெண்கள் எல்லாம் வரவேற்பில், ஆண்கள் எல்லாம் மேசை தூக்க என்று பட்டியல் தானாக அமைந்துவிடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள். நீ கவனிக்காவிட்டால் அப்படித்தான் அமையும்.

தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் மாற்றிக்கொள்ளட்டும், நோட்டில் எழுதிவிட்டு. புதிதாக வந்த பிள்ளையிடம் மூத்தவர்கள் தங்கள் வேலையைத் தள்ளிவிடுகிறார்களா என்று மட்டும் பார். அப்புறம், கடைசியில் குழுப்படம் எடுப்பீர்கள் இல்லையா? வாசலிலும் வண்டிப் பக்கமும் நிற்பவர்கள் வந்து சேர்ந்த பிறகு எடுங்கள். எங்கள் பழைய படங்களில் ஒன்றில்கூட அவர் இல்லை.

உன் நெருங்கிய தோழியும் குழுவில் இருக்கிறாள் என்றாய். அவளுக்கு நல்ல வேலை கிடைத்தால் அது வரிசைப்படி வந்தது என்று நோட்டைப் பார்த்தாலே மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். முன்கூட்டியே அவளிடம் பேசிவிடு, புரிந்துகொள்வாள்.

ஞாயிறு ராத்திரி நாற்காலி அடுக்கும் வேலைக்கு இன்னும் ஒரு பெயரும் இல்லை என்றாயே. முதல் பெயராக உன் பெயரை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பட்டியலை ஒட்டு. வேலை முடிந்து போய்ச் சேர்ந்ததும், எவ்வளவு நேரமானாலும் ஒரு போன் பண்ணு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா