திரையில் 60, கூடாரத்துக்குள் 72: ஒரு புகார் கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உலர்த்தும் கூடார செட்டின் ஈரப்பத சென்சார் தவறாகக் காட்டியதால் கஞ்சா அறுவடை முழுவதும் பூசணம் பிடித்தது, முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சாட்டில் மூன்று தடவை எழுதி, மூன்று விதமாகப் பதில் வாங்கிய பிறகு இந்தக் கடிதத்துக்கு வந்திருக்கிறேன். முதல் பதிலில், கிளைகளை நெருக்கமாகத் தொங்கவிட்டதாக என்மேல் குற்றம். இரண்டாவதில், சென்சாரைச் சரிபார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. மூன்றாவதில், அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடிக் கூப்பன். அடுத்த முறை என்று ஒன்று இருக்கும் என நினைத்தீர்களே, அந்த நம்பிக்கையை மட்டும் பாராட்டுகிறேன்.

நான் வசிக்கும் இடத்தின் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள், சொந்த உபயோகத்துக்காகக் கஞ்சாச் செடி வளர்ப்பவன் நான். விதை போட்டதிலிருந்து வெட்டும்வரை ஏறக்குறைய நான்கு மாதம். வெட்டிய பிறகு உலர்த்தப் பத்து முதல் பதினான்கு நாள். நான்கு மாதப் பாடும் பாழாவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான். இது தெரிந்துதான் நீங்கள் கூடாரம், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, ஈரக் காற்றை வெளியேற்றும் ஃபேன், கார்பன் ஃபில்டர், ஈரம் உறிஞ்சும் கருவி எல்லாம் சேர்த்து இப்படியொரு செட்டை விற்கிறீர்கள், தெரிந்துதான் நானும் வாங்கினேன். முந்தைய அறுவடையை இருட்டான ஓர் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஓரத்தில் சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டுக் காயவைத்தேன். அது நன்றாகவே வந்தது. இந்தத் தடவை இன்னும் சிறப்பாக வரட்டும் என்று ஆசைப்பட்டது என் தப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டர், உயரம் 140 உள்ள உங்கள் கூடாரத்தில், காம்போடு 1,420 கிராம் எடையுள்ள ஈரக் கிளைகளை உங்கள் கையேட்டில் போட்ட படத்தில் உள்ள இடைவெளிப்படியே தொங்கவிட்டேன். வளர்ப்பவர்கள் 'அறுபது அறுபது' என்று சொல்லும் கணக்குதான் உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் முன்கூட்டியே பதிந்திருந்தது: 60 பாரன்ஹீட், அதாவது சுமார் 16 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம். அதை நான் மாற்றவில்லை. இரண்டாம் நாளிலிருந்து திரையில் 60, 61, 60. ஆப்பில் தினமும் காலையில் பச்சை டிக் போட்டு, 'உங்கள் அறுவடை சரியான நிலையில் உள்ளது' என்று செய்தி. மென்மையாகக் காயவேண்டிய பூவை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது நல்லதல்ல என்று கையேடு சொன்னதால் முதல் நாளுக்குப் பிறகு நான் கூடாரத்தைத் திறக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் காம்பை ஒடித்துப் பார்க்கத் திறந்தேன். சரியாகக் காய்ந்திருந்தால் மெல்லிய காம்பு பட்டென்று முறியவேண்டும். இது ரப்பர் மாதிரி வளைந்தது. முகத்தில் அடித்தது நனைந்த சாக்கு வாடை. பெரிய பூங்கொத்து ஒன்றில் நடுவிலிருந்த சின்ன இலை மட்டும் பழுத்து நின்றது. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கொத்தைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. போட்ரைடிஸ் எனப்படும் சாம்பல் பூசணம். வளர்ப்பவன் எவனுக்கும் அதை அடையாளம் காட்டத் தேவையில்லை. ஐந்து கொத்துகளைப் பிளந்தேன், ஐந்திலும் இருந்தது. வெளித்தோற்றத்தில் எல்லாமே அழகாகத்தான் இருந்தன.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். உங்கள் கார்பன் ஃபில்டர் அற்புதமாக வேலை செய்தது. அந்த வாடையில் ஒரு துளிகூட ஒன்பது நாளும் வெளியே வரவிடவில்லை. அது கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் ஐந்தாம் நாளே எனக்குத் தெரிந்திருக்கும்.

திரை 60 காட்டும்போது பூசணம் எப்படி வந்தது? அன்றிரவே சென்சாரைக் கழற்றி உப்புச் சோதனை செய்தேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் சாட்டில் பேசியவருக்குத் தெரியவில்லை என்பதால் விளக்குகிறேன். ஒரு பாட்டில் மூடியில் சாதாரணச் சமையல் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத பைக்குள் ஒன்றாக அடைத்து ஒரு நாள் வைத்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறை வெப்பத்தில் அது அநேகமாக மாறாது. உங்கள் சென்சார் 66 காட்டியது. திரும்பச் செய்தேன், 66. மூன்றாவது தடவை 67. அதே பைக்குள் வைத்த வேறு இரண்டு சாதாரண மீட்டர்கள் 74, 76 காட்டின. வீட்டு மீட்டர்கள் மூன்று நான்கு புள்ளி முன்பின் இருக்கும் என்பது தெரியும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்பவன் அல்ல. உங்கள் பெட்டியில் 'பிழை 2 சதவீதத்துக்குள்' என்று அச்சிட்டிருக்கிறது. மூன்று சோதனையிலும் ஒரே மாதிரி எட்டு ஒன்பது புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்றால், இது ஏதோ தற்செயல் அல்ல. தொழிற்சாலையிலேயே சரியாக அளவுத்திருத்தம் செய்யாத சென்சார்.

இதோடு முடியவில்லை. அந்தச் சென்சாரை மாட்டும் கிளிப்பை, ஈரம் உறிஞ்சும் கருவி காய்ந்த காற்றை வெளியே விடும் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நகர்த்த முடியாதபடி ஒட்டியிருக்கிறீர்கள். கூடாரத்திலேயே உலர்ந்த இடம் அதுதான். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை ஐஸ் கட்டி பக்கத்தில் வைத்த மாதிரி. சென்சாரைத் திரும்ப அதே கிளிப்பில் மாட்டிவிட்டு, சரியாகக் காட்டும் மீட்டரைக் கிளைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். திரையில் 60, பூக்களுக்கு நடுவே 72. 65-ஐத் தாண்டினாலே பூசணத்துக்குக் கதவு திறந்த மாதிரி என்று உங்கள் கையேட்டின் 11-ஆம் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறீர்கள்.

எண் தப்பாக இருந்தால் இருக்கட்டும், ஃபேன் ஓடியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் உங்கள் பெட்டி அந்த எண்ணை நம்பித்தான் ஃபேனை ஓட்டுகிறது. 60 வந்தாயிற்று என்று நினைத்து வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் கூடாரத்தின் கொள்ளளவு சுமார் அரை கன மீட்டர். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தில் அவ்வளவு காற்றும் சேர்ந்து வைத்திருக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. வெட்டிய பூவின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். நான் தொங்கவிட்டதிலிருந்து ஒரு லிட்டர் வெளியேறியாகவேண்டும், அதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே. தேக்கரண்டி அளவு தாங்கும் காற்றில் ஒரு லிட்டரை இறக்கிவிட்டு ஃபேனைத் தூங்கவைத்தால் என்ன ஆகும்?

ஈரம் உறிஞ்சும் கருவி இருக்கிறதே என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். பெட்டியின் முகப்பில் 'நாளொன்றுக்கு 500 மில்லி' என்று கொட்டை எழுத்து. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் '30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில்' என்றிருக்கிறது. பூ காயவைக்கிற யாரும் 30 டிகிரியில் காயவைப்பதில்லை. அந்தச் சூட்டில் பூவின் மணம் குறைந்துவிடும், மணத்தைத் தரும் டெர்பீன்கள் என்ற பொருட்கள் முதலில் பறப்பவை. உங்களுடையது மின்சாரத்தால் குளிரும் தகட்டில் ஈரத்தைப் படியவைக்கும் பெல்டியர் வகை. அந்த வகைக் கருவிக்குக் குளிரக் குளிர இழுக்கும் திறன் குறையும். என் தொட்டியில் முதல் நாள் முழுவதும் சேர்ந்தது 70 மில்லி. அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன்.

இன்னொன்று, 'வெப்பநிலைக் கட்டுப்பாடு'. இந்த செட்டில் குளிர்விக்கும் பாகம் எதுவுமே இல்லை. பெல்டியர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகக் கூடாரத்துக்குள்ளேயே இறங்குகிறது. அறை 17 டிகிரியில் இருந்தது, கூடாரம் 21, 22. பெட்டியில் பதிந்திருந்தது 16, கூடாரம் ஒருநாளும் 16-ஐப் பார்க்கவில்லை. ஏற்ற மட்டும் தெரிந்த கருவியைக் கட்டுப்பாடு என்று சொல்லலாமா? வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்குக் கல்யாண வீடு.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரு மீட்டரை முதல் நாளே உள்ளே போட்டிருக்கவேண்டும், போடவில்லை. ஆனால் 'வேறு கருவி தேவையில்லை' என்று விளம்பரத்தில் சொன்னது நீங்கள். சரிபார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு என்கிறீர்கள். சரிபார்த்துத் தெரிந்துகொண்ட பிழையைத் திருத்த உங்கள் ஆப்பில் ஓர் இடம்கூட இல்லை. மூன்று மெனுவுக்குள்ளும் தேடிவிட்டேன்.

அறுவடை முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டேன். பூசணம் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று சாட்டில் ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து அந்த யோசனையை இனி யாருக்கும் சொல்லவேண்டாம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இழைகள் உள்ளே பரவியிருக்கும். ஈரமான பூவில் சாம்பல் பூசணம் மட்டும் வருவதில்லை, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூசணமும் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதன் வித்துகளைச் சுவாசித்தால் நுரையீரலில் கடும் தொற்று வரலாம். உங்கள் செட்டை வாங்கியவர்களில் மருத்துவத் தேவைக்காக வளர்ப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு ஜாடியில் அடைத்திருந்தால்? என் பணத்தைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஆகவே கேட்பது இவை. செட்டின் விலையையும் அனுப்பும் செலவையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். கூப்பனாக வேண்டாம். இதே தொகுதியில் வெளிவந்த சென்சார்களைச் சோதித்து, வாங்கியவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள். ஆப்பில் பிழைத் திருத்தத்துக்கு இடம் கொடுங்கள், கிளிப்பைக் கிளைகளின் உயரத்துக்கு நகர்த்துங்கள். அந்த 500 மில்லி எந்த வெப்பத்தில் என்பதை முகப்பிலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். எதிர்காலத்தில் செய்வோம் என்ற உறுதிமொழி எனக்குப் போதாது. செய்த தேதியோடு எழுதுங்கள்.

பதினான்கு நாள் காத்திருப்பேன். அதன்பின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன்.

மூன்று உப்புச் சோதனைகளின் புகைப்படங்கள், ஆப்பின் ஒன்பது நாள் பதிவு, சாட் உரையாடல்கள், பிளந்த பூங்கொத்தின் படங்கள் இணைப்பில் உள்ளன. கூடாரத்தின் துணி முழுக்கப் பூசண வித்து ஒட்டியிருக்கும் என்பதால் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் எடுத்துப் போகலாம், வருபவர் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. சென்சாரை மட்டும் அதோடு சேர்க்கவில்லை. இதை எழுதும்போதும் அது என் மேஜைமேல் உப்புப் பைக்குள்தான் இருக்கிறது, 66 காட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்