வெள்ளைக்கல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்னீசியம் பேட்டரி வந்துவிட்டால் மெக்னீசியம் அடங்கிய சேலத்து வெள்ளைக்கல்லுக்கு (மேக்னசைட்) பொற்காலம்தான் என்று போன ஞாயிறு நம் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். என் அப்பா கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவம்கூட வெளுத்திருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, துண்டை உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அந்தக் கல்லுக்கு நல்ல காலம் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரையில் பாசிட்டிவ் பிளேட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சூரமங்கலத்தில் முப்பது வருஷமாகப் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். ஓய்ந்துபோன லாரி பேட்டரியைப் பிரித்தால் சாம்பல் நிற நெகட்டிவ் பிளேட் பெரும்பாலும் உருக்குலையாமல் இருக்கும். பாசிட்டிவ் பிளேட்டைத் தொட்டால் சாக்லேட் நிறத்தில் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்தது அடியில் சேறாகப் படிந்து கிடக்கும். மெக்னீசியம் பேட்டரிக்கும் பெரிய சிக்கல் இந்தப் பாசிட்டிவ் பக்கம்தான். கேத்தோடு என்று சொல்வது இதைத்தான்.

நெகட்டிவ் பக்கத்துக்கு மெக்னீசியம் அருமையான உலோகம். ஒரு கன சென்டிமீட்டரில் 3,833 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் அடங்கும். லித்தியத்துக்கு 2,060 சொச்சம்தான். மெக்னீசியம் அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள அதன் அணு, கிட்டத்தட்ட லித்தியம் அயனி பருமன்தான், ஆனால் மின்னேற்றம் இரண்டு மடங்கு. அதனால் ஆக்சைடு கேத்தோடுக்குள் நுழைந்ததும் அங்கிருக்கும் ஆக்சிஜன் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் வெல்லப்பாகில் விழுந்த எறும்பு மாதிரிதான், நகராது.

2000-ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் டோரான் ஆர்பாக் குழுவினர் மாலிப்டினம் சல்பைடு கேத்தோடை வைத்து 2,000 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். கந்தகத்தின் பிடி ஆக்சிஜனைவிடத் தளர்வு. அதனால் மெக்னீசியம் போய்வர முடிந்தது. ஆனால் கிடைத்தது சுமார் 1.1 வோல்ட். என் கடையிலிருக்கும் சாதாரண ஆசிட் பேட்டரியில் ஒரு செல்லே 2 வோல்ட் கொடுக்கும். வோல்ட்டேஜ் கூட வேண்டுமென்று ஆக்சைடு பக்கம் போனால் மெக்னீசியத்தின் ஓட்டம் படுத்துவிடுகிறது. இந்த இழுபறி இன்னும் முழுசாகத் தீரவில்லை. இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் அயனியைக் கடத்தும் எலக்ட்ரோலைட்டிலும் தொல்லை உண்டு, அது தனிக்கதை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு நில புரோக்கர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் மச்சான் வீட்டுக்கு வந்திருக்கிறார். "கல்லுக்காடுங்க, பேட்டரி கம்பெனி வந்தா நாலு மடங்குக்குப் போகும்" என்றாராம். மச்சானும் தங்கச்சி நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டார். நேரில் போய்த்தான் நிறுத்தினேன்.

பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இந்த வெள்ளைக்கல் கரட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருக்கும் பேராசிரியர்களைக் கேட்டு, கேத்தோடு வேலை எந்த அளவில் நிற்கிறது என்று அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு கட்டுரை போடுங்கள். மச்சானிடம் அதையும் கத்தரித்துக் கொடுக்க வேண்டும்.

பேட்டரி கடைக்காரர்,
சூரமங்கலம், சேலம்.