வாரியல் எங்கே இருக்கு?

மாப்பிளே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம். நேற்று ராத்திரி தங்கச்சிதான் பேசினாள். உனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறதாம். பொங்கலுக்கு அப்புறம் நானும் உன்னைக் கூப்பிடவில்லை, அது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே. சைக்கிள் கடை அண்ணாச்சி பேத்திக்குக் கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும்.

சரி. விடிய விடிய மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறாயாமே?

2023 டிசம்பரை நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் புகுந்து எங்கள் வீட்டில் நெஞ்சளவு நின்றது. வந்தவர்கள் எல்லாரும் "உயிர் தப்பினதே பெரிசு" என்றார்கள், உண்மைதான், ஆனால் கேட்கக் கேட்க எனக்கு அழுகைதான் முட்டியது. நீ, ரயில் ஓடாத நேரத்தில், மதுரை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் "வாரியல் எங்கலே இருக்கு?" என்று கேட்டாய். விளக்குமாறு எங்கே என்று, அவ்வளவுதான் கேட்டாய். அம்மா அப்பா கல்யாண ஆல்பம் சேற்றில் ஒட்டிக் கட்டியாகக் கிடந்தது. வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு படமாக ஓரத்திலிருந்து நகத்தால் பிரித்து அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாய். முகம் பாதி கரைந்துபோன படத்தைக்கூட நீ தூக்கிப் போடவில்லை. பதினொன்று தேறியது. ஒன்று இப்போது என் மேஜைக்கு மேலே இருக்கிறது.

சாயங்காலம் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனோமே. உற்சவரை மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மூலவர் வெள்ளத்துக்குள்ளேயே இருந்தார். மண்டபமெல்லாம் சேறு, நாலைந்து பேர் தள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ படித்துறையில் என் பக்கத்தில் பேசாமல் இருந்தாய். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

நாற்பத்தாறு வயசில் புதுசாக எங்கே போய் நிற்பது என்று தங்கச்சியிடம் கேட்டாயாம். எனக்கும் பதில் தெரியாது மாப்பிளே. இருபது வருஷம் உழைத்தவனைப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள் என்பதில் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அவர்கள் அனுப்பியதால் நீ உதவாதவன் ஆகிவிட்டாய் என்று என்னிடம் சொல்லாதே. கோழிமுட்டை விவகாரத்திலேயே உன்னை விட்டுக்கொடுக்காதவன் நான், இப்போதா விடப்போகிறேன்?

இன்னொன்று, இதை நிஜமாகவே கேள். ராத்திரி மனசு ரொம்ப இருட்டிவிட்டால் 14416-க்குப் போன் போடு. டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வெள்ளத்துக்கு அப்புறம் மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடும் எனக்கு, அப்போது நான் பேசியிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். தாம்பரத்தில் இறங்கி நானே வீட்டுக்கு வந்துவிடுவேன், நீ தூங்கு. நாலு நாள் இருப்பேன், பேச வேண்டும் என்றுகூட இல்லை. சொதிக்கு முருங்கைக்காய் மட்டும் தங்கச்சியை வாங்கி வைக்கச் சொல், இஞ்சித் துவையலை அம்மா இங்கேயே அரைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள்.