வெளியே தெரியாத வேலைக்கெல்லாம் நன்றி: என் எம்ஜிபி காருக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கார் ஓடத் தொடங்கிவிட்டது. உங்களில் சிலர் நேரில் பார்த்துவிட்டீர்கள், சிலர் போனில் அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டீர்கள், மற்றவர்களுக்கு இந்த மடல்தான் செய்தி. கூரையை மடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், நேராகப் போகிறது, பிரேக் நேராகப் பிடிக்கிறது, பள்ளத்தில் இறங்கினாலும் கதவு கிறீச்சிடவில்லை. இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வழியில் நிறுத்திப் பேசுகிறவர்கள் எல்லோரும் பெயிண்டைப் பாராட்டுகிறார்கள், சீட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், வயர் சக்கரத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்த வண்டியில் நல்ல வேலை என்று நான் நினைக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அது சில்லுக்குள்ளே (சக்கரம் இல்லை; sill, கதவுக்குக் கீழே முன்பின்னாக ஓடும் தகரப் பெட்டி) இருக்கிறது, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உங்கள் வேலை. பார்க்கிறவர்கள் யாரும் உங்களைப் பற்றிக் கேட்கப் போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது 1965-ல் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர், துணிக்கூரை வைத்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962-லிருந்து 1980 வரை இந்த மாடல் வந்தது, கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இதற்கு முன்னால் வந்த எம்ஜிஏ-வுக்குத் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு, பாடியை அதன்மேல் வைத்தார்கள். எம்ஜிபிக்கு அது கிடையாது. பாடிதான் சேசிஸ். கூரையுள்ள காரில் மேலே இருக்கும் தகரமும் பளுவில் ஒரு பங்கைத் தாங்கும். இதில் மேலே துணிதானே இருக்கிறது, அதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது தரையும் இரண்டு பக்கத்துச் சில்லும்தான். மூடி இல்லாத அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கினால் எப்படி வளைகிறதோ, சில்லு துருப்பிடித்த கன்வர்டிபிளும் அப்படித்தான் வளையும். துரு பிடிப்பதும் சரியாக அங்கேதான், அதுவும் உள்ளிருந்து.

அதனால் முதல் நன்றி வெல்டிங் அண்ணனுக்கு. அன்றைக்கு நான் கிரைண்டரைக் கையில் எடுத்துத் தயாராக நின்றபோது, "தம்பி, அதைக் கீழே வை, முதல்ல கதவைப் பார்ப்போம்" என்று சொன்னீர்களே, இந்தக் கார் இன்று நேராக நிற்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம். சில்லுக்குக் கீழே ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றச் சொன்னீர்கள். கதவுக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி கண் முன்னாலேயே சுருங்கியது. அதுவரை எனக்கு வெளியே தெரிந்த ஓட்டைதான் பிரச்சினை. அதற்கு ஒரு ஒட்டுப் போட்டு, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தால் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும், ஒரு பெரிய பள்ளத்தில் கதவு சிக்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் நீங்கள் செய்ததைப் படிக்கிறவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு வெட்டலாமா வேண்டாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் வண்டியின் எடை வழக்கம்போல இறங்கும் இடங்களில் தாங்கு கொடுத்து மட்டம் பார்த்தீர்கள். பிறகு கதவு வரும் திறப்பில் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு இறுக்கினீர்கள். ஒரு பக்கம் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடக்கூட விடவில்லை. வெளிச்சில்லை எடுத்தால் உள்ளே நிற்கும் நடுத்தகடு, அதற்குப் பின்னால் உட்சில்லு, கீழே கோட்டைச் சுவர் மாதிரி மடிந்த ஒரு தண்டு என்று அடுக்கடுக்காக இருந்தது. நடுத்தகடு பாதிக்கு மேல் பொடியாகக் கொட்டியது. பலமே அதில்தான் என்று சொல்லி முழுசாகப் புதுத் தகடு போட வைத்தீர்கள். ஒவ்வொரு தகட்டையும் பற்றவைக்கும் முன்னால் கதவை மாட்டி, மூடிப் பார்த்து, திரும்பக் கழற்றி... எனக்குப் பொறுமை போனபோதும் உங்களுக்குப் போகவில்லை.

வெல்டிங்கை நானே செய்ய வேண்டும் என்று விட்டுக்கொடுத்ததற்கும் நன்றி. 0.6 மில்லிமீட்டர் வயர், ஆர்கான் கலந்த வாயு, பழைய தகரத்தில் கை பழகிய பிறகுதான் வண்டிக்கு வரலாம் என்பது உங்கள் சட்டம். ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனால் மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும், இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி, ஆறியதும் நடுவில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தீர்கள். மூடப்போகும் பக்கமெல்லாம் துத்தநாகப் பிரைமர், எல்லாம் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு. அந்த மெழுகை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவர் மகனுக்கும். கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதை மட்டும் சொன்னால் போதாது. பழைய காரின் அடியில் தார் மாதிரி ஒன்று பூசியிருப்பார்கள், வெல்டிங் சூட்டில் அது புகைந்து பற்றிக்கொள்ளும், மேலே வேலை செய்கிறவன் முகமூடிக்குள் இருப்பதால் அவனுக்குத் தெரியாது. பெட்ரோல் டாங்க்கை முன்பே கழற்றி வெளியே வைத்துவிட்டோம், இருந்தாலும் தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் நின்றான். நான் முடித்து எழுந்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். தம்பி, அது சின்ன வேலை இல்லை. நீ நின்றதால்தான் நான் பயமில்லாமல் குனிந்து வேலை பார்த்தேன்.

அடுத்து, முகம் பார்க்காத ஒருவருக்கு. உங்களிடமும் இதே வருஷத்து வண்டி இருக்கிறது. என் வண்டியின் தரையை எனக்கு முன்னால் யாரோ கண்டபடி ஒட்டுப்போட்டு வைத்திருந்ததால் பழைய அளவு எதையும் நம்ப முடியவில்லை. சீட் ஆணி எங்கே வரும், குறுக்குத் தண்டு எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். உங்கள் காரின் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, டேப்பை வைத்து அளந்து, அளவு தெரியும்படி படமும் எடுத்து அனுப்பினீர்கள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் தன் காரை இன்னொருவருக்காகப் பிரிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாடலின் தகரம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் தகரத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988-ல் எம்ஜிபியின் முழுப் பாடியையே திரும்பச் செய்ய ஆரம்பித்தது. ஒரு காரின் தயாரிப்பு நின்றுபோன பிறகு அதன் அச்சை உருக்கிவிடாமல் காப்பாற்றிய அந்தக் கைகளுக்கும் என் வணக்கம்.

வயரிங் பார்த்துக் கொடுத்த ஐயாவுக்கு. லூகாஸ் (இந்தக் காருக்கு மின்சாமான் செய்த கம்பெனி) வயரிங் என்றாலே ஆளாளுக்குத் திட்டுவார்கள், நீங்கள் ஒரு நாளும் திட்டவில்லை. "கலரைப் படி, அதுவே சொல்லும்" என்றீர்கள். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட், வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு, பச்சை என்றால் சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு விளக்கு, கறுப்பு எர்த். அந்த ஒரு பாடத்துக்குப் பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கூட்டம் படிக்கக்கூடியதாக மாறிவிட்டது. இந்த வருஷத்து வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகிறது, அதுவும் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையில். இப்போதைய ரேடியோவோ வேறு எலக்ட்ரானிக் சாமானோ யோசிக்காமல் மாட்டினால் அன்றைக்கே கருகிவிடும் என்று பேட்டரி மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினீர்கள். விளக்கு மங்கலாக எரிந்ததற்கும் இண்டிகேட்டர் தூங்கியதற்கும் காரணம் வயர் இல்லை, பெயிண்ட்டுக்கு மேல் திருகிய எர்த்தும் பச்சை பிடித்த முனைகளும்தான். ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பளபளப்பாக்கினோம். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

என்ஜின் 1798 சிசி. அதைத் திறந்து பார்த்து, மூடி, தட்டிக் கொடுத்த மாமாவுக்கு என்ன எழுதுவது? டேப்பட் (வால்வுக்கான இடைவெளி) வைக்கும்போது ஒன்பது கணக்கைச் சொல்லிக் கொடுத்தீர்கள்: ஒன்றாம் வால்வு முழுசாகத் திறந்திருந்தால் எட்டாவதைச் சரிசெய், மூன்று திறந்திருந்தால் ஆறு, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது 0.015 அங்குலம். அப்புறம் அந்த எஸ்யூ பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று வேகமாக அடித்து, நிரம்பியதும் மெதுவாகி நின்றுவிட வேண்டும். என்னுடையது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டே, "டாங்க்கிலிருந்து வரும் பக்கம் காற்று இழுக்கிறது, டியூப்பைப் பார்" என்று சொல்லிவிட்டீர்கள். பார்த்தேன், விரிசல் விட்ட ரப்பர். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது என்பதால் பெட்ரோல் போகும் டியூப் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று.

இரட்டைக் கார்புரேட்டரைச் சமப்படுத்திய அந்தச் சாயங்காலத்தை நான் எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒன்றின் வாயிலும் பிறகு மற்றதின் வாயிலும் பிடித்து, இரண்டிலும் இழுக்கும் காற்றின் சத்தம் ஒன்றாகும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினீர்கள். பிறகு குழாயை என் காதில் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு என்ஜின் நிதானமாக ஓடியது பாருங்கள், வீட்டில் இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

பெயிண்டர் அண்ணனுக்கு, முடியாது என்று மறுத்ததற்காக நன்றி. நானே ஸ்ப்ரே அடிக்கிறேன் என்றபோது, ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லி, தேய்க்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடை என்று சொன்னதும் நீங்கள்தான். என் நுரையீரல் பற்றி என்னைவிட நீங்கள் அதிகம் கவலைப்பட்டீர்கள்.

துணிக்கூரை தைத்துப் பொருத்திய அக்கா, உங்கள் வேலை மட்டும்தான் வெளியே தெரிகிறது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஒழுங்கு தெரியாது. கதவு, முன்கண்ணாடிச் சட்டம், கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடி மூன்றும் ஒன்றோடொன்று சரியாகச் சேரும் வரை கூரையை வெளியே எடுக்கவே மாட்டேன் என்றீர்கள். வெயிலில் விரித்து வினைல் இளகிய பிறகு இழுத்து, கிளிப் வைத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள்தான் முன்சட்டத்தில் ஒட்டினீர்கள். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரில் மடிக்கக் கூடாது, மடித்தால் நடுவில் ஒரு துணி என்று சொன்னதை அப்படியே செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன், இருந்தாலும் ஒன்று. பிரேக்கில் ஏர் எடுக்க பெடலில் உட்கார்ந்த என் மகளுக்கு: "அமுக்கு, பிடி, விடு" என்று நான் அடியிலிருந்து கத்தியதற்கெல்லாம் கால் வலித்தும் சரியாகச் செய்தாய், ஒரு சொட்டு ஆயில் புதுப் பெயிண்டில் விழுந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாய். அந்த இடத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, அது உன்னால்.

இன்னும் ஹீட்டர் வேலை செய்யவில்லை, இடது கதவின் ரப்பரில் மழைத் தண்ணீர் லேசாக வருகிறது. அதை அடுத்து பார்ப்பேன். கதவுத் திறப்புக்குப் போட்ட இரும்புச் சட்டத்தை வெட்டிப் போடவில்லை, எம்ஜிபி சில்லு மாற்றப் போகிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள், கொண்டுவந்து மாட்டியும் தருகிறேன். மேலே சொன்ன எல்லோருக்கும் பக்கத்து சீட் எப்போதும் உண்டு. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுகிற சீட்டே.

மிக்க நன்றியுடன்,
உங்கள் தம்பி, உங்கள் மருமகன், உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்