தம்பி, அந்த பிசியை வித்துடாதடா

டேய் தம்பி,

நேத்து ராத்திரி நீ அனுப்புன மெசேஜை ரெண்டு தடவ படிச்சேன். "போனஸ் வந்துருச்சு அக்கா, பிசியை ஓஎல்எக்ஸ்ல போட்டுட்டு பிஎஸ்5 எடுக்கப் போறேன்"னு போட்ருந்த. கேம் விளையாடுற கம்ப்யூட்டர வித்துட்டு சோனியோட கேம் கன்சோல் வாங்கப் போறியாம். போன்ல பேசுனா நீ நடுவுல நடுவுல புகுந்து பேசுவ, நானும் கத்த ஆரம்பிச்சுடுவேன், அதான் உக்காந்து எழுதுறேன். முழுசா படிச்சுட்டு பதில் போடு.

உன் ஆசை தப்புன்னு சொல்லவே மாட்டேன். காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஏறி ஓஎம்ஆர் போய் நாள் பூரா மானிட்டர பாத்துட்டு வர்றவனுக்கு, வீட்டுக்கு வந்து கன்ட்ரோலர்ல ஒரு பட்டன அமுக்குனா விட்ட இடத்துலேந்து கேம் ஓடணும்னு தோணுறது நியாயம் தான். டிரைவர் அப்டேட், செட்டிங்ஸ் குறைச்சு ஏத்துறது, அந்த ரோதனை எதுவும் கிடையாது. டிஸ்க் வாங்குனா விளையாடி முடிச்சுட்டு வித்துடலாம், அதுவும் நல்லது தான். ஆனா நீ கேக்குறது பிசியா கன்சோலான்னு இல்ல, பிசியை வித்துட்டு கன்சோலான்னு. அங்க தான் எனக்கு மனசு ஒப்பல.

அந்த பிசி 2019ல நீயும் நானும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்கி சேத்தது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். 800 ரூபா மிச்சம் பிடிக்கலாம்னு பேர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பொட்டி) வாங்குனோம், ரெண்டே வருஷத்துல ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தப்ப கருகுன வாசனையோட போச்சு, ஞாபகம் இருக்கா? நீ அழவே ஆரம்பிச்சுட்ட. மறுநாள் அது ஒண்ண மட்டும் மாத்துனோம், சாயங்காலத்துக்குள்ள ஓடுச்சு. கன்சோல்ல அப்படி ஒண்ணு ஆனா பொட்டியோட தூக்கிட்டு சர்வீஸ் சென்டர் போகணும், அவங்க சொல்ற நாளுக்கு காத்திருக்கணும்.

இந்த பொங்கலுக்கு நான் பெரம்பூர் வந்தப்ப கேபினெட்ட திறந்தோம்ல. சைடு பேனல கழட்டுனதும் உள்ள ஒரு பல்லி முட்டை, ஃபேன் இறக்கை பூரா பஞ்சு மாதிரி தூசி. ப்ராசஸர் சூட்டை இழுக்குற ஹீட்சிங்க மெதுவா திருகி எடுத்தா, ரெண்டுக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போய் சாக்பீஸ் பொடி மாதிரி உதிருது. அம்மாவோட பழைய காட்டன் புடவைத் துணியில ஸ்பிரிட் தொட்டு துடைச்சு, ஒரு துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட் வச்சு மூடுனோம். அது வரைக்கும் மிக்சி மாதிரி கத்திட்டு இருந்த ஃபேன் சத்தமே காட்டல. "பிசி செத்துடுச்சு அக்கா"ன்னு நீ சொன்னதுல பாதி அந்த தூசி தான்டா.

மீதி பாதிக்கு வழி இருக்கு. உன் போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம் இருக்குல்ல, அது ஏஎம்4 சாக்கெட். 2017ல முதல் ரைசன் அதுல தான் வந்துச்சு, 2024ல கூட ஏஎம்டி அதுக்கு புது ப்ராசஸர் விட்டுச்சு. அதனால பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) மட்டும் அப்டேட் பண்ணிட்டு அதே போர்டுல ரைசன் 5 5600 உக்காரும், அது ஜென் 3 தலைமுறை. பிஎஸ்5க்குள்ள இருக்கற ப்ராசஸரும் ஏஎம்டி தான், ஆனா அதுக்கு முந்தின ஜென் 2, என்ன, கோர் மட்டும் அதுல ஜாஸ்தி, எட்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 போதும், பிஎஸ்5ல இருக்கற அதே ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ் குடும்பம். பிஎஸ்5 கிராபிக்ஸ விட கொஞ்சம் கம்மி தான், மறைக்கல. ஆனா உன் மானிட்டர் 1080பி (ஃபுல் எச்டி), அதுக்கு தாராளம். ரெண்டும் சேத்தாலும் 54,990க்கு வந்த டிஸ்க் மாடல் விலைய தொடாது.

முக்கியமா அந்த ராம். ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி சிப்ப எல்லாம் அள்ளிட்டு போறதால ராம் விலை எங்கயோ போயிடுச்சு, ராம் தயாரிக்கிற மைக்ரான் கம்பெனி அதோட க்ரூசியல் பிராண்டையே நிறுத்துறேன்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சுச்சு. இப்ப வித்துட்டு, நாளைக்கு "பிசி இல்லாம முடியல அக்கா"ன்னு நீ வந்து நின்னா புதுசா 16 ஜிபி போட உனக்கு வயிறு எரியும்.

அப்புறம் யார் கூட விளையாடுற நீ? ஹாஸ்டல் பசங்க அஞ்சு பேர், ராத்திரி பத்து மணிக்கு சிஎஸ் 2 (கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2). அது பிஎஸ்5ல கிடையவே கிடையாது. காசு குடுத்து வாங்குற கேம ஆன்லைன்ல விளையாட அங்க பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டணும், பிசில அது இல்ல. பிசி கேம் விக்கிற ஸ்டீம்ல தள்ளுபடிக்கு காத்திருந்து காத்திருந்து வாங்குன கேம் எதுவும் கன்சோலுக்கு வராது. சோனி கேம் பாக்கணும்னா காட் ஆஃப் வார் 2022ல பிசிக்கு வந்துச்சு, கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024ல, ஸ்பைடர்மேன் 2 2025 ஜனவரில. லேட்டா தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. இன்னொன்னு, ஹால்ல இருக்கற டிவி ஆறு மணிலேந்து பத்தரை வரைக்கும் அம்மாவோடது. சீரியல நிறுத்தச் சொல்லி நீ கேக்க மாட்ட, கேக்கவும் கூடாது. அப்ப பிஎஸ்5அயும் அந்த 1080பி மானிட்டர்ல தான் மாட்டணும், அதோட 4கே யாருக்கு?

ஒரே ஒரு விஷயத்துல உன் பக்கம் நான். ஜிடிஏ 6 கேம். நவம்பர் 19, 2026னு அறிவிச்சிருக்காங்க, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும், பிசி பத்தி பேச்சே இல்ல. ஜிடிஏ 5 2013 செப்டம்பர்ல வந்துச்சு, பிசிக்கு வர 2015 ஏப்ரல் ஆச்சு. அவ்ளோ நாள் உன்னால பொறுக்க முடியாதுன்னு எனக்கு தெரியும். அது தான் காரணம்னா நவம்பர்ல வாங்கிக்கோ, நானும் 10,000 போடுறேன். இப்பவே வாங்கி ஷெல்ஃப்ல வைக்காத, அதுக்காக பிசியையும் விக்காத.

இன்னைக்கே அந்த ஓஎல்எக்ஸ் விளம்பரத்த எடுத்துடு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு மாறிடலாம், உன் போர்டுல டிபிஎம்ங்கற பாதுகாப்பு செட்டிங்க ஆன் பண்ணா போதும், அத நான் வந்து பாத்துக்குறேன். ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்ல முக்காவாசி கடை மூடி இருக்கும், அதனால சனிக்கிழமை 11 மணிக்கு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல நில்லு. நான் வேளச்சேரிலேந்து பறக்கும் ரயில்ல வந்துடுறேன். பழைய 1650ஐ துணில சுத்தி பையில போட்டு எடுத்துட்டு வா, எக்ஸ்சேஞ்ச்ல என்ன தர்றாங்கன்னு கேப்போம்.

அக்கா